பத்தொன்பது கல்லூரிகளும் நூற்றுக்கு நாலு கழிவும்

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 12, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில், ‘சிகரம் மேலாண்மை உயர்கல்வி வழிகாட்டு மையம்’ திறந்துவைக்கப்பட்டது.

மையத்தின் இயக்குநர் முனைவர் ராஜாங்கம் திறப்பு விழாவில் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். “நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏன் பெரிய பெரிய பிசினஸ் ஸ்கூல்களில் இல்லை? அறிவு இல்லையா? இருக்கிறது. உழைப்பு இல்லையா? இருக்கிறது. விண்ணப்பம் இல்லை! ஒரு பிள்ளை ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு அதிலேயே சேர்ந்துவிடுகிறது. இந்த அவலத்தை ஒழிக்கவே சிகரம் வந்திருக்கிறது” என்றார். கூட்டம் கை தட்டியது. கை தட்டியவர்களில் புளி, கடுக்காய் மண்டி வைத்திருந்த அப்துல் ஜலீலும் ஒருவர். கீழே உரக்கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் வந்திருந்தார். இயக்குநர் பேசியது அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால், வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது.

ஜலீலுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியிலும் கடுக்காயிலும் ஒரு பங்கு அவர் மண்டிக்கு வந்துதான் வெளியூர் போகும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வாங்க வருகிறவர்கள் மூட்டையைத் தொடுமுன்பே சரக்கின் குறையைச் சொல்லிவிடுவார். “இதுல ஈரம் இருக்குது. அது போன வருசத்துது. அந்த ஓரத்து மூட்டையில கொட்டை ஜாஸ்தி. நூத்துக்கு நாலு கழிச்சிக்கினு எடுத்துக்குங்க.” விற்கிற பொருளின் குறையை மறைப்பது அவருக்குத் தொழுகையைத் தவறவிடுவதுபோல. மண்டித் தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வாங்குகிறவர்கள் சிரித்துவிட்டு மறுவருடமும் வருவார்கள்.

மகள் அத்தியா பி.காம். முடித்து மூன்று வருடமாக மண்டியில் இருந்தாள். போன மாசியில் ஒரு நாள் கேட்டாள்.

“அத்தா, நம்ம புளிக்கு வெல சொல்றவங்க யாரு?”

“போன்ல சொல்றாங்கம்மா.”

“போன்ல சொல்றவங்களுக்கு யாரு சொல்றாங்க?”

ஜலீல் யோசித்துப் பார்த்தார். முப்பது வருடமாக இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அத்தியா தானே தேடி, நாக்பூர் பக்கத்தில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் காட்டுப் பொருள் வியாபாரத்தையே தனிப் பாடமாக இரண்டு வருடம் சொல்லித்தருகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். விண்ணப்பப் படிவத்தைத் தபாலில் வரவழைத்தாள். பூர்த்தி செய்தும் வைத்துவிட்டாள். நுழைவுத் தேர்வு நவம்பரில். விண்ணப்பம் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் ஜனவரி 31. அந்த ஒரு பள்ளிதான் அவளுக்கு வேண்டும். வேறு பேச்சு இல்லை.

பேச்சு அவள் தாய் மெஹ்ராஜ் பேகத்திடம் இருந்தது. “ஒண்ணே ஒண்ணா? இன்னாங்க இது? பொண்ணு பாக்க வர்றவங்களே நாலு வூடு பாத்துட்டுத்தான் நம்ம வூட்டுக்கு வராங்க. படிப்புக்கு ஒண்ணு போதுமா? அங்க இல்லன்னு சொல்லிட்டா இந்தப் புள்ள மூஞ்ச யாரு பாக்கறது?”

ஜலீலால் மகளின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாது. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக உரக்கடை மாடி ஏறினார். எத்தனை கல்லூரிக்குப் போடவேண்டும்? பதில் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று ஸ்கூட்டரை வெயிலிலேயே நிறுத்தியிருந்தார்.

மேலே ஆலோசகர் என்ற பலகைக்குப் பின்னால் ஆண்டாள் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். சுவரில் ஒரு முக்கோணப் படம் தொங்கியது. அதை ஸ்கேலால் தொட்டுக்காட்டினாள்.

“குறைஞ்சது எட்டு சார். கனவுக் கல்லூரி மூணு, இலக்குக் கல்லூரி மூணு, காப்புக் கல்லூரி ரெண்டு.”

“கனவுன்னா இன்னாம்மா?”

“நமக்குக் கெடைக்காதது சார்.”

“கெடைக்காதுன்னு தெரிஞ்சே போடறதா?”

“கெடைச்சா அது கனவே இல்லையே சார்.”

“செரி. காப்பு?”

“கண்டிப்பா கெடைக்கும். ஆனா நாம போகமாட்டோம்.”

“போவமாட்டோம்னு தெரிஞ்சி...”

“அது ஒரு பாதுகாப்பு சார்.”

ஜலீல் முக்கோணத்தை விரலால் காட்டினார். “அப்ப நாம போற காலேஜு இதுல எங்கம்மா இருக்குது?”

ஆண்டாள் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கேள்விக்கு இயக்குநர்தான் பதில் சொல்வார் என்றாள். எழுந்தவரிடம் தாழ்ந்த குரலில், “நானும் எம்.பி.ஏ.தான் சார். இருபத்தோரு காலேஜுக்குப் போட்டேன்” என்றாள்.

“எங்க கெடைச்சுதும்மா?”

“இங்கதான் சார் கெடைச்சுது.”

முனைவர் ராஜாங்கத்தின் அறையில் குளிர்சாதனம் இருந்தது. அவர் மேசையில் இருந்த பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டே பேசினார். “எட்டு என்பது பொதுமக்களுக்கு, பாய். உங்கள் மகளுக்குத் தனிக் கணக்கு. அறிவியல் முறை. மாதிரித் தேர்வில் எவ்வளவு?”

“எம்பத்தாறுன்னு சொல்லிச்சிங்க.”

“நூறில் எண்பத்தாறு போனால் பதினாலு. பதினாலு விண்ணப்பம். மாணவியிடம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கல்லூரி. இதில் பெற்றோர் பதற்றக் குறியீட்டைக் கூட்ட வேண்டும். இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள்?”

“மூணு தடவ. சுகர் இருக்குதுங்க.”

“மூன்று. ஆகப் பதினேழு.”

ஜலீல் சுகருக்கு மாத்திரை மாற்றினால் கல்லூரி குறையுமா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். “நீங்க எத்தினி காலேஜுக்குப் போட்டீங்க சார்?”

ராஜாங்கத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பன்னிரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்தவன் நான். சேர்க்கை என்பது ஒரு நாள் கூத்து, பாய். விண்ணப்பம் வாழ்க்கை முறை. சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. சேராதவரை எல்லாக் கல்லூரியும் நம்முடையது. இப்போது என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்குத் தொண்ணூற்று எட்டில் விண்ணப்பித்தேன். இன்றுவரை அவர்கள் மறுக்கவில்லை. மறுக்காத பட்டத்தைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை.”

ஜலீல் இறங்கி வந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்கூட்டர் சீட்டில் உட்கார முடியவில்லை. தள்ளிக்கொண்டே மண்டிக்குப் போனார்.

அத்தியா கேட்டுவிட்டு, “பதினேழு ஊரு பேர ஒரு மூச்சுல சொல்லுங்க அத்தா பாக்கலாம்” என்றாள்.

“நம்ம நாக்பூரும் அதுல இருக்குதும்மா. அதுங்கூட பதினாறு. தொணைக்கு.”

“தொணைக்குப் பதினாறா? நான் இன்னா ஊர்கோலமா போறேன்?”

அவளுடைய நாக்பூர் படிவத்தை ஜலீல் மையத்தில் ஒப்படைத்தார். எல்லாம் ஒரே இடத்திலிருந்து போனால்தான் முறை என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பரில் அத்தியா விழுப்புரம் போய்த் தேர்வெழுதினாள். டிசம்பர் 8, சனிக்கிழமையன்று சிகரம் மையம் தன் மாணவர்களையும் பெற்றோரையும் கல்வராயன் மலையில் கரியாலூருக்கு ‘முடிவெடுக்கும் முகாமு’க்கு அழைத்துப்போனது. எண்ணிக்கையை இறுதி செய்யும் முகாம். மலை ஏறினால் பார்வை விரியும் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தது.

பேருந்து வளைவுகளில் திரும்பத் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் மாணவர்கள் ஒரு கல்லூரியின் பெயரை உரக்கச் சொல்லி, அதில் சேர ஏன் விரும்புகிறோம் என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்றார் இயக்குநர். ஆறாவது வளைவுவரை சொன்னார்கள். அதற்குப் பிறகு பலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மெஹ்ராஜ் பேகம் கொண்டுவந்த எலுமிச்சம்பழங்கள் பதினோராவது வளைவில் தீர்ந்தன.

உச்சியில் இறங்கியதும் ராஜாங்கம், “பத்தொன்பது வளைவுகள். மலையே நமக்கு எண்ணைத் தந்துவிட்டது” என்று அறிவித்தார்.

டிரைவர் பீடியைக் கீழே போட்டார். “பதினேழு தான் சார். நான் தெனம் திருப்பறேன்.”

“நீங்கள் திருப்புகிறவர். நான் எண்ணுகிறவன்.”

ஆகப் பத்தொன்பது ஆயிற்று.

பார்வை விரியவேண்டிய இடத்தில் பனி மூடியிருந்தது. பக்கத்தில் நின்றவரின் முகம் தெரியவில்லை. “இதுதான் நிச்சயமின்மை! கண்ணால் பாருங்கள்” என்று ராஜாங்கத்தின் குரல் மட்டும் கேட்டது. அந்தப் பனிக்குள்ளிருந்து தலையில் கடுக்காய் மூட்டையோடு ஒரு ஆள் வந்தார். ஜலீலுக்கு வருடாவருடம் சரக்குப் போடும் சின்னக்கண்ணு.

“இன்னா பாயி! மண்டியத் தூக்கினு மலைக்கே வந்துட்டியா?”

“பொண்ணு படிப்பு விசயமா வந்தம்பா.”

“இங்க இன்னா படிப்பு? இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாரு வெள்ளிக்கெழம எறங்கினா செவ்வாக்கெழமதான் வராரு.”

“இல்லப்பா, எத்தினி காலேஜுக்குப் போடறதுன்னு முடிவு பண்ண வந்திருக்கோம்.”

“கீழ வெச்சி முடிவு பண்ணா ஆவாதா?” சின்னக்கண்ணு மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். “செரி, சோறு உண்டா?”

சோறு உண்டு. சின்னக்கண்ணு சாப்பிட்டார். சாப்பிட்டபின் ஒரு வட்டத்தில் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். எழுந்து போனால் மரியாதை இல்லை என்று அவரும் உட்கார்ந்தார். மாலையில் சான்றிதழ் வழங்கினார்கள். பேருந்தில் படுத்துவிட்ட ஒரு பெற்றோரின் சான்றிதழ் மிச்சமாயிற்று. அச்சிட்டதை வீணாக்கக் கூடாது என்பது மையத்தின் கொள்கை. ஆகவே சின்னக்கண்ணுவுக்குத் தலைமைப் பண்புக்கான சான்றிதழ் கிடைத்தது. அவர் அதைச் சுருட்டிக் கடுக்காய் மூட்டைக்குள் செருகிக்கொண்டு, “இது மக்கிப்போவாதே?” என்று மட்டும் கேட்டார்.

பத்தொன்பது கல்லூரி என்றால் பத்தொன்பது கட்டுரை. ‘என்னைச் செதுக்கிய சோதனை’ என்பது எல்லாப் படிவத்திலும் இருந்த தலைப்பு. மாணவர்களை எழுதவிட்டால் உள்ளதை எழுதிவிடுகிறார்கள் என்பதால் மையமே எழுதித்தந்தது. ஜனவரி இரண்டாம் வாரம், சரிபார்ப்பதற்காக ஜலீலை அழைத்தார்கள். ஆண்டாள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு கட்டுரையில் அத்தியா கோமுகி ஆற்று வெள்ளத்திலிருந்து பதினாலு பேரைக் காப்பாற்றியிருந்தாள். ஒன்றில் திக்குவாயை வென்றிருந்தாள். ஒன்றில் மலைக்கு மின்சாரம் கொண்டுவந்திருந்தாள். ஒன்பதாவது கட்டுரையில் ஆண்டாள் தயங்கினாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு காலேஜ்ல நீங்க இல்ல.”

“எங்க போயிட்டேன்?”

“தவறிட்டீங்க. ஒண்ணுல மாரடைப்பு. இன்னொண்ணுல லாரி.”

“லாரி எந்த ஊர்லம்மா?”

“உளுந்தூர்பேட்டை சார். ரோடு கிராஸ் பண்ணும்போது.”

ஜலீல் கொஞ்சம் வருத்தப்பட்டார். “உளுந்தூர்பேட்டைல நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தானேம்மா கிராஸ் பண்ணுவேன்.”

செய்தி இயக்குநர் அறைவரை போயிற்று. ராஜாங்கம் பொறுமையாக விளக்கினார். “பாய், இதைத் தனிப்பட்ட முறையில் பார்க்கக் கூடாது. பத்தொன்பது கல்லூரியும் ஒரே சோதனையைப் படித்தால் சலித்துப்போவார்கள். மையத்தில் நாற்பத்தேழு மாணவர்கள். இந்த ஆண்டு முப்பத்தொரு தகப்பன்மார் காலமாகியிருக்கிறார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருவர் நன்றிகூடச் சொன்னார்.”

“இல்ல சார், பொய்யாச்சே.”

“விண்ணப்பத்தில் பொய் கிடையாது, பாய். விண்ணப்பிக்கப்பட்ட உண்மை என்று உண்டு.”

ஜலீல் முதல்முறையாகக் குரல் உயர்த்தினார். அந்தக் கட்டுரைகளையெல்லாம் கிழித்தால்தான் ஆச்சு என்றார். ராஜாங்கம், படிவங்கள் ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டன என்றும், இனிப் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி என்றும், அதை மாணவி வேலைபார்க்கும் நிறுவனத்தின் உரிமையாளரே, அதாவது ஜலீலே, கையெழுத்திட்டு உறையை ஒட்டிப் பள்ளிகளுக்கு நேரே அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். “மாதிரி வாசகம் தருகிறோம். குறைகள் என்ற இடத்தில் ‘அளவுக்கு மீறி உழைக்கிறார்’ என்று போடுங்கள். அதைத்தான் எல்லாரும் போடுகிறார்கள்.”

ஜலீல் மாதிரி வாசகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அத்தியா அளவுக்கு மீறி உழைத்து அவர் பார்த்ததில்லை. அளவாக உழைத்துப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் தாலுகா ஆபீஸ் வாசலில் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த சின்னராசுவிடம் போனார். சின்னராசு இருபது வருடமாகப் பட்டா மனுவும் முதியோர் பென்ஷன் மனுவும் அடிப்பவர். ஆங்கிலத்திலும் அடிப்பார். எந்த மொழியில் அடித்தாலும் அது மனுவாகத்தான் வரும்.

“குறையே இல்லன்னு போட்டுடலாமா பாய்?”

“கொறையில்லாத சரக்கு ஏதுப்பா? கேக்கலன்னாலே சொல்லணும். இவங்க படிவம் போட்டுக் கேக்கறாங்க.”

சின்னராசு அடித்த கடிதம் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

“பொருள்: மேற்படி அத்தியாவின் குறைகளைச் சமர்ப்பித்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் படிவம், கேள்வி எண் ஏழு. மேதகு ஐயா, மனுதாரராகிய நான் மேற்படியாரைப் பிறந்த நாள் முதல் அறிவேன். அவர் என் மகள். ஒன்று: பிடிவாதம் அதிகம். இரண்டு: காலையில் எழுப்புவது சிரமம், எழுந்தபின் குறை இல்லை. மூன்று: தராசில் தப்பு நடந்தால் பெரியவர் சின்னவர் பார்க்காமல் சொல்லிவிடுவார், இதனால் இரண்டு வியாபாரிகள் எங்களிடம் வருவதில்லை. நான்கு: சமையல் தெரியாது, இது தங்கள் கல்விக்குத் தேவையா என்று எனக்குத் தெரியாது, தெரிவிப்பது என் கடமை. நிறைகள்: மேற்கண்டவை போக மற்றதெல்லாம். நூற்றுக்கு நாலு கழித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம் எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

பத்தொன்பது படி அடித்தார்கள். பத்தொன்பதிலும் கையெழுத்துப் போட்டு, மையம் ஆங்கிலத்தில் முகவரி எழுதித்தந்த உறைகளில் வைத்து ஒட்டி, ஜனவரி 29, செவ்வாய்க்கிழமை காலை ஜலீல் தபால் நிலையம் போனார். பதிவுத் தபால் எழுத்தர் ரசீது போடப்போட ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தார். கொச்சி. புனே. இந்தூர். இரண்டு தடவை பெங்களூர். ஜலீல் ஒரு பெயருக்காகக் காத்திருந்தார். பத்தொன்பதாவது ரசீதும் கிழிந்துவந்தது.

“நாக்பூரு ஒண்ணு இருக்கும் பாருங்க சார்.”

“நாக்பூர் இல்லீங்களே பாய்.”

“கீழ கீழ வுழுந்திருக்குதா?”

எழுத்தர் எழுந்து மேசைக்கடியில்கூடப் பார்த்தார். இல்லை.

ஜலீல் மண்டிக்குப் போய் அத்தியாவிடம் சொன்னார். அவள் செருப்பை மாட்டினாள். இருவரும் உரக்கடை மாடி ஏறினார்கள்.

ராஜாங்கம் ஒரு பெரிய அட்டவணையை விரித்துவைத்து விரலால் தேடினார். பிறகு நிம்மதியாக நிமிர்ந்தார். “தவறு ஒன்றும் நடக்கவில்லை. முறைப்படிதான் நீக்கப்பட்டிருக்கிறது. அந்த நாக்பூர் பள்ளி கனவு இல்லை, உங்களுக்குக் கிடைக்கக்கூடும். காப்பு இல்லை, நீங்கள் போகக்கூடும். இலக்குப் பட்டியலில் பத்திரிகைத் தரவரிசையில் உள்ளவை மட்டும்தான் வரும். இது மாணவி விரும்புகிற பள்ளி. அதற்கு நம் அட்டவணையில் கட்டம் கிடையாது.”

அத்தியா கேட்டாள். “நான் வந்தது அதுக்குத்தான் சார். அதை எடுத்துட்டு மத்த பத்தொம்பதும் யாருக்கு சார் போட்டீங்க?”

“உனக்காகத்தான் அம்மா. உன் விருப்பம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் சேவையே.”

“இருவதாவதா சேத்துக்குங்க சார்” என்றார் ஜலீல். “நாளைக்கழிச்சி கடைசி நாளு.”

“எண்ணிக்கை மலையில் தீர்மானிக்கப்பட்டது, பாய். அதை மாற்ற நிர்வாகக் குழு கூடவேண்டும். குழு பிப்ரவரி நான்காம் தேதி கூடுகிறது. அன்று எண்ணிக்கையை மாற்றும் முறையைப் பற்றி விவாதிக்கிறோம்.”

இருவரும் திரும்பினார்கள். வெளியே வந்தபோது ஆண்டாள் ‘இதர’ என்று எழுதிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோப்பின்மேல் டீக்கிளாஸ் வைத்த வட்டங்கள் இருந்தன. உள்ளே அத்தியாவின் படிவம், அவள் கையெழுத்தில், அப்படியே இருந்தது.

“சார் பாக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போயிடுங்க” என்றாள்.

“உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போவுதுக்கா” என்றாள் அத்தியா.

“எனக்கு இன்னா ஆவப்போவுது? நான் இவங்க காப்பு லிஸ்ட்டுல இருக்கேன்.”

அன்று மாலைக்குள் சின்னராசு இருபதாவது கடிதத்தை அடித்தார். “அதே கொறைங்கதானே பாய்? புதுசா எதாவது சேக்கணுமா?” என்று கேட்டுக்கொண்டார். புதிதாக எதுவும் இல்லை. இனித் தபாலை நம்ப முடியாது என்பதால் ஜலீல் தானே கிளம்பினார். மெஹ்ராஜ் பேகம் புளிச்சோறு கட்டிக்கொடுத்தார். “வழியில ரோடு கிராஸ் பண்றப்ப பாத்து” என்றார். கட்டுரை விவரம் அவருக்கும் தெரிந்திருந்தது.

பேருந்தில் சென்னை. அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில், கழிவறைக் கதவோரம் இடம் கிடைத்தது. வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு ஜலீல் பள்ளியின் அலுவலகச் சன்னலில் நின்றார். உள்ளிருந்தவர் இந்தியில் கேட்டார். ஜலீல் கள்ளக்குறிச்சி உருதுவில் பதில் சொன்னார். அந்த உருதுவைக் கேட்டு அவர் சிரித்தார். ஆனால் புரிந்தது.

“பரிந்துரை எழுதியது யார்?”

“நான்தான்.”

“கொண்டுவந்தது?”

“நானேதான்.”

“தகப்பனார் கையெழுத்து என்று போட்டிருக்கும் இடத்தில்?”

“அதுவும் நான்தான்.”

“அப்படியென்றால் மாணவி எங்கே?”

“அவ வீட்டுல தூங்கிக்கினு இருப்பா. அதைக் கடிதத்துலயே எழுதியிருக்கேன்.”

எழுத்தர் படிவத்தை ஒருமுறை புரட்டினார். பிறகு முத்திரையை எடுத்து ‘31 ஜனவரி 2008, பெறப்பட்டது’ என்று அடித்தார்.

மார்ச் மாதம் முழுவதும் தபால்காரர் மண்டிக்கு வந்துகொண்டிருந்தார். பத்தொன்பது பள்ளிகளில் பதினாறு, மாணவியிடம் நேர்மறை அணுகுமுறை போதவில்லை என்று எழுதின. வெள்ளத்திலிருந்து பதினாலு பேரைக் காப்பாற்றியதாகப் படித்த பள்ளி, காலையில் எழாதவர் அந்த வெள்ளத்துக்கு எப்படிப் போனார் என்று கேட்டது. ஜலீல் இறந்துபோயிருந்த இரண்டு பள்ளிகளில் ஒன்று விளக்கம் எதுவும் கேட்காமல் மறுத்தது. இன்னொன்று, காலமான தந்தையின் கையெழுத்தில் அரசு அதிகாரியின் சான்றொப்பம் இல்லை என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது.

இருபதாவது பள்ளி நேர்காணலுக்கு அழைத்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்தவர் தட்டச்சு செய்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்கள் அப்பா நாலு சதவீதம் கழிக்கச் சொல்கிறார். ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார்.

“ரெண்டுதான் கழிக்கணும் சார். அவர் எப்பவும் வாங்கறவங்க பக்கமே பேசுவார்” என்றாள் அத்தியா.

ஏப்ரலில் அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது. அந்த இரண்டு மாதமும் மண்டியில் யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் ஜலீலைப் பயமுறுத்தியது. ஜூன் 19ஆம் தேதி இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அத்தியா ஜூலை முதல் வாரம் நாக்பூர் போனாள்.

கச்சிராயபாளையம் சாலையில் அவள் படத்தோடு ஒரு பெரிய பேனர் எழுந்தது. படம் முகாமில் எடுத்தது. பனியால் முகம் தெளிவாக இல்லை. சிகரம் மையத்தின் நிர்வாகக் குழு கூடி ஆண்டு முடிவுகளை ஆராய்ந்தது. முதல் பத்தொன்பது விண்ணப்பங்களின் வெற்றி பூஜ்யம் என்றும், இருபதாவது விண்ணப்பத்தின் வெற்றி நூறு சதவீதம் என்றும் கண்டறிந்தது. 2008 செப்டம்பர் முதல் மையத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கை இருபது ஆக்கப்பட்டது. அந்த ஆண்டு சேர்ந்த அறுபத்திரண்டு மாணவர்களும், முதல் பத்தொன்பதை அனுப்பிய ரசீதுகளைக் காட்டிய பிறகே இருபதாவது படிவத்தைப் பெற்றுக்கொண்டார்கள்.